தொட்டி நிரம்ப எத்தனை யூனிட்?



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். ஊர் மேல்நிலைத் தொட்டி நிரம்பி, தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசித் தெரு உறுப்பினர்களோ, "எங்களுக்கு ரெண்டு குடம்கூட வரலீங்க" என்றார்கள். "கரண்ட் பில்லு பஞ்சாயத்துதானே கட்டுது, நமக்கென்ன?" என்றார் இன்னொருவர்.

பஞ்சாயத்துப் பணம் யாருடையது? நாம் கட்டும் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், நம் ஊருக்கு வரும் அரசு நிதி இவைதானே! மோட்டாருக்கு வீணாகும் பணம், குழாய் ரிப்பேருக்கும் தெருவிளக்குக்கும் கிடைக்காமல் போகிறது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு எச்.பி. என்பது 746 வாட். 1000 வாட் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட். 5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஓடினால் மணிக்குச் சுமார் 4 யூனிட் ஆகும். தொட்டி நிரம்பிய பிறகும் தினம் அரை மணி நேரம் ஓடினால், மாதம் 60 யூனிட் தண்டம்.

எங்கே வீணாகிறது?

* தொட்டி வழிவது: நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் மிதவை சுவிட்ச் பொருத்தலாம்.
* குழாய்க் கசிவு: ஏற்றிய தண்ணீர் மண்ணுக்குள் போனால், ஏற்றிய கரண்டும் அதோடு போச்சு.
* பம்பு தேய்மானம்: மணல் கலந்த தண்ணீரை இறைத்தால் உள்ளே சுற்றும் பாகம் தேய்ந்துவிடும். மோட்டார் ஓடும், ஆனால் தண்ணீர் குறைவாகத்தான் ஏறும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. தொட்டி காலியாக இருக்கும்போது, தண்ணீர் திறந்துவிடும் வால்வை மூடிவைத்து, மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். போடும் முன் மீட்டரில் உள்ள எண்ணையும், நிரம்பிய பின் உள்ள எண்ணையும் குழு நோட்டில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒரு தொட்டிக்கு ஆன யூனிட். எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் குறியுங்கள். மாதம் ஒருமுறை இப்படிச் செய்தால் போதும்.

யூனிட் கூடிக்கொண்டே போனால் எங்கோ கோளாறு இருக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கினாலும் கொஞ்சம் கூடும். அதனால் மோட்டார் போடுபவர் மேல் உடனே பழி போட வேண்டாம், அவரையும் சேர்த்துக்கொண்டே பாருங்கள். சுவிட்ச், ஒயரை நாம் தொட வேண்டாம். அது அவர் வேலை.

எங்கே கேட்பது?

கிராம சபையில் வரவு செலவு வாசிக்கப்படும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் நமக்கு உண்டு. நோட்டோடு போங்கள். "தண்ணி வரல" என்று மட்டும் சொன்னால், "பாக்கலாம்" என்பார்கள். "போன தை மாசம் 16 யூனிட் ஆச்சு, இந்தத் தை மாசம் 22 ஆகுதே, ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சேமிப்புக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதும் நமக்கு, இந்தக் கணக்கு எம்மாத்திரம்! அடுத்த கூட்டத்திலேயே ஒரு பக்கம் ஒதுக்குவோம்.