இலக்கமுறைக் கட்டப்பூட்டுக் கண்ணியில் இரைச்சல் குறைப்பு: பட்டை அகலத் தேர்வு

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளிலுள்ள காற்றாலைகளுள் மின்னணு மாற்றிகள் வழியாக மின்தொகுப்புடன் இணைபவை, தொகுப்பின் 50 ஹெர்ட்ஸ் அலையின் கட்டத்தை இடைவிடாது அறிந்துகொண்டிருக்க வேண்டும். இதற்குப் பெரிதும் பயன்படுவது, ஃபேஸ் லாக்டு லூப் எனப்படும் கட்டப்பூட்டுக் கண்ணியாகும். இக்கண்ணி மிக விரைந்து செயற்பட்டால் மின்னலையிலுள்ள மாசையும் பின்பற்றும். மிக மெதுவாகச் செயற்பட்டால் உண்மையான கட்ட மாற்றத்துக்குப் பின்தங்கும். கைப்பேசிச் சில்லில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உருவாக்கும் கண்ணிக்கும் இதே இக்கட்டு உண்டு. அங்கு அலைவெண் 4.8 கோடி மடங்கு மிகுதி. பிழையோ பிக்கோநொடியில் அளக்கப்படுகிறது. இவ்விக்கட்டைத் தீர்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கண்ணியின் அமைப்பு

படிக அலையியற்றி தரும் மேற்கோள் அலைக்கும் வெளியீட்டு அலைக்கும் இடையிலான நேர வேறுபாட்டை நேர-இலக்க மாற்றி ஓர் எண்ணாக மாற்றுகிறது. இலக்கமுறை வடிப்பி அவ்வெண்ணைச் சீராக்குகிறது. அதற்கேற்ப அலையியற்றியின் அலைவெண் திருத்தப்படுகிறது. ஒப்புமைமுறைக் கண்ணியில் மிகுந்த பரப்பை அடைக்கும் மின்தேக்கியின் வேலையை இங்கு எண்கணிதம் ஏற்கிறது.

இரு இரைச்சல்கள்

நேர-இலக்க மாற்றி தன் படியளவினும் நுண்ணிய வேறுபாட்டை அறியாது. இப்பிழை சீராகப் பரவியது எனக் கொள்வோம். படியளவு 10 பிக்கோநொடி, மேற்கோள் அலை 40 மெகாஹெர்ட்ஸ் எனில், வெளியீட்டில் இவ்விரைச்சல் ஊர்தியலையைவிட ஒரு ஹெர்ட்ஸுக்கு 103 டெசிபெல் தாழ்ந்திருக்கும். படியளவைப் பாதியாக்கினால் 6 டெசிபெலும், மேற்கோள் அலைவெண்ணை இரட்டித்தால் 3 டெசிபெலும் குறையும். கண்ணியின் பட்டை அகலத்துக்குள் இவ்விரைச்சல் வெளியீட்டை அடைகிறது. அதற்கு அப்பால் தடுக்கப்படுகிறது.

அலையியற்றியின் இரைச்சல் இதற்கு நேர்மாறானது. பட்டை அகலத்துக்குள் கண்ணி அதனைத் திருத்திவிடும். அதற்கு அப்பால் அது அப்படியே வெளிப்படும்.

பட்டை அகலத் தேர்வு

அலையியற்றியின் இரைச்சல் 1 மெகாஹெர்ட்ஸ் விலகலில் 120 டெசிபெல் தாழ்ந்தது எனவும், விலகலின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவது எனவும் கொள்வோம். எளிய கணிப்பில், பட்டை அகலம் 1 மெகாஹெர்ட்ஸ் ஆனால், அலை விளிம்பு உரிய கணத்திலிருந்து விலகும் அளவாகிய நேர நடுக்கம் ஏறத்தாழ 0.65 பிக்கோநொடி, 20 கிலோஹெர்ட்ஸ் ஆனால் 0.67 பிக்கோநொடி. இரு இரைச்சல் கோடுகளும் வெட்டும் 145 கிலோஹெர்ட்ஸில் அது 0.35 பிக்கோநொடியாகிறது. அங்கு இரண்டின் பங்கும் சமம். மொத்தமும் மிகக் குறைவு.

படியளவை 5 பிக்கோநொடியாக்கிப் பட்டை அகலத்தை மாற்றாது விட்டால் நடுக்கம் 0.28 பிக்கோநொடியாகும். புதிய வெட்டுப்புள்ளியான 290 கிலோஹெர்ட்ஸுக்கு அதனை நகர்த்தினால் 0.25 பிக்கோநொடிக்கு இறங்கும்.

எனினும் வெளியீட்டு அலைவெண் மேற்கோளின் முழு மடங்கிற்கு மிக அருகில் அமையும்போது பிழை சீராகப் பரவாமல் ஒரே ஒழுங்கில் மீளும். அது தனித்த போலி அலைகளாக வெளிப்படும். அந்நிலையில் மேற்கண்ட கணக்கு பொருந்தாது.

முடிவுரை

ஓர் உறுப்பை மட்டும் மேம்படுத்துவதன் முழுப்பயன், பட்டை அகலத்தையும் உடன் மாற்றினால்தான் கிட்டும். இலக்கமுறைக் கண்ணியில் இதற்கு வடிப்பியின் கெழுக்களை மாற்றினால் போதும். சில்லைத் திரும்ப வார்க்க வேண்டியதில்லை. இரைச்சல் குறைப்பில் இலக்கமுறையின் தலையாய நன்மை இதுவே.