ஆளி முறை மின்வழங்கி

இடப்புறம் இருப்பது இரும்பு நிலைமாற்றி கொண்ட பழைய மின்வழங்கி. வலப்புறம், மூடி கழற்றிய சிறிய பெட்டி 1970களில் கணினிகளோடும் தொலைக்காட்சிகளோடும் பரவத் தொடங்கிய வகை. இரண்டும் 230 வோல்ட் ஆடலோட்டத்தை 12 அல்லது 24 வோல்ட் நேரோட்டமாக்குகின்றன.

சுவர் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று மட்டுமே மாறுகிறது. அந்த வேகத்துக்குப் பெரிய இரும்பு அகணி தேவை. சிறிய பெட்டி சுவர் மின்சாரத்தை முதலில் சுமார் 325 வோல்ட் நேரோட்டமாக்குகிறது. பின் திரான்சிஸ்டர் ஒன்று அந்த ஓட்டத்தைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி விடுகிறது. இவ்வளவு வேகத்தில், நடுவே மஞ்சள் நாடா சுற்றிய சிறு ஃபெரைட் நிலைமாற்றியே போதும். வெளியீடு குறைந்தால் திரான்சிஸ்டர் கூடுதல் நேரம் கடத்தும். ஏறினால் நேரம் குறையும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தத் தன்னொழுங்கு பெரும் உதவி.

தேயிலைத் தூளிலிருந்து காம்பைப் பிரிக்கும் கலர் சோர்ட்டரின் கமராக்களும் கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசும் இத்தகைய மின்வழங்கியால் இயங்குகின்றன. கைபேசிச் சார்ஜருக்குள் இருப்பதும் இதுவே.

இலங்கை மலையகத்தில் நோர்ட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்க நீரில் இயங்கும் பழைய லக்சபான மின்நிலையம் 1950இல் தொடங்கியது. அருகிலுள்ள தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகள் பலவற்றுக்கு மின்சாரம் வரப் பல பத்தாண்டுகள் சென்றன. இன்று அங்கும் இந்தச் சிறு பெட்டிகள் பல உள்ளன.

எச்சரிக்கை: மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பெரிய கொள்ளளவியில் மின்னேற்றம் இருக்கும். பயிற்சி இல்லாதவர் பெட்டியைத் திறக்கக் கூடாது.