கிரயமா, அடமானமா?

சரித்திரம் படித்தவர்களுக்கு மணிமங்கலம் என்றதும் ஒரு யுத்தம் நினைவுக்கு வரும். ஏழாம் நூற்றாண்டில் சளுக்கிய மன்னன் புலிகேசியைப் பல்லவ நரசிம்மவர்மன் புறமுதுகிடச் செய்த போர்க்களங்களில் இதுவும் ஒன்று என்று கூரம் செப்பேடு கூறுகிறது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே போனால் இன்றும் அந்த ஊரைப் பார்க்கலாம். ராஜகோபாலப் பெருமாள் கோயில் இருக்கிறது; பெரிய ஏரி இருக்கிறது. யுத்தமும் இருக்கிறது! அன்று நடந்ததும் மண்ணுக்காகத்தான், இன்று நடப்பதும் மண்ணுக்காகத்தான். வாள் போய்ப் பேனா வந்திருக்கிறது, அவ்வளவே.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. தொழிற்சாலை வந்தால் ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் வீடு வேண்டும். வீட்டுக்கு மனை வேண்டும். ஏர் உழுத பூமியில் கல் நட்டாயிற்று. இந்த வட்டாரத்தில் மனை வாங்குகிறவர்கள் எல்லோரும் குடியிருக்க வாங்குகிறார்கள் என்று எண்ணி விடாதீர்கள். வாங்கி விற்கவே வாங்குகிறவர்களும் உண்டு. நிலத்துக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொள்வார்கள். கெடு முடிவதற்குள் கூடுதல் விலைக்கு வேறொருவர் கையில் மாற்றி விட்டால் லாபம். மாற்ற முடியாவிட்டால்? மீதிப் பணத்தைப் புரட்டியாக வேண்டும். புரட்டுவது எங்கே?

பாங்கிக்குப் போகலாமே என்பீர்கள். வீடு கட்டப் பாங்கி கொடுக்கும். அங்கீகாரம் பெற்ற மனைக்கும் கொடுக்கும். ஆனால், "ஆறு மாதத்தில் லாபத்துக்கு விற்கப் போகிறேன், பணம் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள்! மானேஜர் மரியாதையாக வழியனுப்பி வைப்பார். அப்போதுதான் 'ஃபைனான்ஸ்காரர்' பிரவேசிக்கிறார். அமெரிக்காவிலும் இப்படித்தான். பழைய வீட்டை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறவர்கள் அங்கும் தனியாரிடம் அதிக வட்டிக்குக் குறுகிய காலக் கடன் வாங்குகிறார்கள். ஆகவே தொழிலையே பாவம் என்று சொல்லி விட முடியாது. அவசரத்துக்குப் பணம் கொடுப்பவன் அதற்கு விலை கேட்கத்தான் செய்வான்.

அந்த விலை எவ்வளவு என்று தெரிந்து கொள்வதுதான் முக்கியம். "மூணு வட்டிதான் அம்மா" என்பார்கள். மூன்று என்றால் காதுக்கு எவ்வளவு சின்னதாக இருக்கிறது! நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்பது அதன் பொருள். வருஷத்துக்கு 36 சதவிகிதம். ஐந்து லட்சத்துக்கு மாதம் 15,000 ரூபாய். முப்பத்து மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டினால் 4,95,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அசல் ஐந்து லட்சம் அசையாமல் அப்படியே நிற்கும். அதே தொகையைப் பாங்கியில் 9 சதவிகிதத்துக்கு வாங்கினால், மாதம் 6,300 ரூபாய்க்குச் சற்று மேலாகக் கட்டிப் பத்து வருஷத்தில் வட்டியும் அசலும் தீர்ந்து போகும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. லேவாதேவிக்காரர்களுக்கு 1957-லேயே சட்டம் வந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றுக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் சட்டம் 2003-ல் வந்தது. ஆனால் 'பத்திரத்தில் ஒரு வட்டி, கையில் மூன்று வட்டி' என்று நடந்தால் சட்டம் என்ன செய்யும், பாவம்!

வட்டியைக் கூடச் சமாளித்து விடலாம். குடும்பத்தைக் கவிழ்ப்பது வேறொன்று. கடனுக்கு ஈடாக எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதே அது.

ஈடு என்றால் முறைப்படி எழுத வேண்டியது அடமானப் பத்திரம். அடமானம் வைத்தவருக்கு 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் பெரிய அரண். பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை அவருக்கு உண்டு; அந்த உரிமையே கிடையாது என்று பத்திரத்தில் எழுதி வாங்கினாலும் செல்லாது. பணம் வராவிட்டால் கடன் கொடுத்தவர் சாதாரணமாகக் கோர்ட்டுக்குப் போய்த்தான் ஏலத்துக்கு விட வேண்டும். அதற்கு வருஷக் கணக்கில் ஆகும். அதனால்தான் பலர் அடமானத்தை விரும்புவதில்லை. "எதற்கு வீண் செலவு? கிரயமாகவே எழுதி விடுங்கள், பணத்தைக் கட்டியதும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பார்கள். அல்லது, "ஒரு பவர் கொடுத்து விடுங்கள், போதும்" என்பார்கள்.

கிரயம் எழுதினால் அன்றே சொத்து அவருடையது. திருப்பித் தருவதாகச் சொன்னது அதே பத்திரத்தில் எழுதப்படாவிட்டால், சட்டம் அதை அடமானமாக ஏற்காது. வாய்ச் சொல்லைக் கோர்ட்டில் நிரூபிப்பது லேசான காரியமா? பவர் இன்னும் ஆபத்து. பவரை வைத்து அவர் மூன்றாவது மனிதருக்கு விற்று விட்டால், வாங்கியவர் "நான் காசு கொடுத்து வாங்கினேன்" என்று வந்து நிற்பார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தம், பவர், மூலப்பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடன் ஆகிய மூன்றையும் பதிவு செய்தாக வேண்டும். அதில் ஒரு நன்மை உண்டு: வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், பதிவான காகிதத்தின் பெயர் கிரயமா, அடமானமா என்று தெரிந்து விடும்.

இதை வாசகிகளுக்கு எழுதுவானேன் என்று கேட்கலாம். பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் சலுகை வந்தது. நல்லதுதான். ஆனால் மனை உங்கள் பெயரில் இருந்தால், கடனுக்குக் கையெழுத்தும் உங்களுடையது அல்லவா? "இங்கே போடு, இங்கே போடு" என்று வீட்டுக்காரர் விரலால் காட்டுகிற இடத்திலெல்லாம் போடுவதற்கு முன்பு, முதல் பக்கத்தின் தலைப்பையாவது படித்துப் பாருங்கள்.

கடன் கொடுக்கும் பக்கத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். கணவரின் ஓய்வுக் காலப் பணத்தை மனைத் தரகரிடம் இரண்டு வட்டிக்குக் கொடுத்து வைக்கும் அம்மாள்களுக்கும் ஒரு வார்த்தை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை ஐகோர்ட் உத்தரவிட்டது. அத்தகைய மனைகள் ஒரே நாளில் விற்க முடியாத சரக்காயின. மறு வருஷம் வரன்முறை விதிகள் வரும் வரை, கடன் வாங்கியவருக்கு வட்டி ஏறிக்கொண்டே போயிற்று. கொடுத்தவருக்கோ வட்டியும் வரவில்லை, அசலும் வரவில்லை. பர்மாவில் நகரத்தார்கள் பட்டதும் இதுவே. நெல் விலை சரிந்த முப்பதுகளில் கடனுக்காக லட்சக்கணக்கான ஏக்கர் வயல் அவர்கள் கைக்கு வந்தது. வாங்க ஆள் இல்லை. பிறகு யுத்தம் வந்தது. பர்மா சர்க்கார் நிலத்தை எடுத்துக் கொண்டது. வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர்!

ஆகவே கொடுப்பவர்களும் பட்டா, வில்லங்கம், அங்கீகார எண் மூன்றையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பணத்தைப் பாங்கி மூலமே கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழக்கூடும்.

கடன் தீர்ந்ததும் வேலை முடிந்து விட்டதாக எண்ணி மூலப்பத்திரத்தை மட்டும் வாங்கிப் பீரோவில் பூட்டி விடுகிறார்கள். அது போதாது. அன்றைக்கே அடமான ரத்துப் பத்திரத்தையும் எழுதிப் பதிந்து விட வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே உட்கார்ந்திருக்கும். பத்து வருஷம் கழித்து, பெண்ணின் கல்யாணத்துக்காக மனையை விற்கப் போவீர்கள். கடன் கொடுத்தவர் அப்போது காலமாகியிருப்பார். அவருடைய வாரிசுகள் ஒருவர் கோயம்புத்தூரிலும், ஒருவர் துபாயிலும் இருப்பார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள்!