படம் பிடிப்போர் நிற்குமிடம்

சென்ற ஆண்டு, கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலையொன்றின் இல்ல மெய்வல்லுநர் போட்டியிலே, பரிதிவட்டம் எறியும் களத்தருகே கமராவும் கையுமாக நின்றேன். பண்டிதருக்குக் கமரா எதற்கென்று நண்பர் நகைத்தனர். ஆண்டு மலருக்குப் படம் வேண்டியிருந்தது. பொழுது சாயும் வேளை. மாணவி ஒருத்தி தன் இறுதி எறிதலுக்காக வட்டத்துட் சுழன்றாள். முகம் தெளிவாக விழவேண்டுமென்னும் பேராசையால் இரண்டடி முன்வந்தேன், மின்னொளி பளிச்சிட்டது. மறுகணம் அவள் கால் வட்டத்துக்கு வெளியே பட்டது. நடுவர் சிவப்புக் கொடியை உயர்த்தினார்.

1972இல் ஐஸ்லாந்தின் றெய்க்யவிக் நகரிலே, சதுரங்க வீரர் பொபி பிஷர் படக்கருவிகள் தம்மைக் குலைப்பதாகக் கூறி, இரண்டாம் ஆட்டத்துக்கு வராமலே அதனை இழந்தார். மூன்றாம் ஆட்டம் பின்னறையொன்றில் நடந்தது. அவரைப் பிடிவாதக்காரர் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்; இப்பொழுது அவ்வாறு எண்ண மனம் ஒவ்வவில்லை.

மேனாட்டிலே, தட்டெறிந்து சங்கிலிக் கூடையில் வீழ்த்தும் ‘டிஸ்க் கோல்ஃப்’ என்னும் ஆட்டமொன்று உண்டு. அதற்கென எட் ஹெட்ரிக் 1976இல் சங்கம் நிறுவினார். ஒருவர் எறியுங்கால் ஏனைய ஆட்டக்காரர் அசைவாலும் ஓசையாலும் அவர் கவனத்தைக் கலைத்தலாகாதென்பது அங்கே விதி. உடனாடுவோர்க்கே இவ்விதியெனின் படம் பிடிப்போர்க்குக் கூறவேண்டுமோ? அதிலும், பரிதிவட்டம் எறிபவர் சுழல்வதால் அவருக்குப் பின்புறம் என்பதொன்றில்லை. அவர் தொடங்குமுன்னரே ஓரிடத்தில் அசையாது நின்றுவிடவேண்டும். மின்னொளி அறவே கூடாது.

படம் மிக அழகாக வந்திருந்தது. மலரிற் சேர்க்க மனம் வரவில்லை. அம்மாணவியிடமே கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள்.

“சேர், இதிலை என்ர கால் உள்ளுக்குத்தானே நிக்குது?” என்றாள்.