சூரைக்குப் போகும் இரவுகள்

மாலையில் படகைத் தள்ளி, இரவு முழுவதும் வலையோடு கிடந்து, விடியற்காலையில் கரைக்கு வருவதே எமது கரையோர ஊர்களின் தொழில் முறை. வெயில் ஏறியும் படகைக் காணாவிட்டால் பெண்கள் மணலில் வந்து நிற்பார்கள். யுத்தம் அந்த இரவுத் தொழிலையே பறித்தது. 1980களின் நடுப்பகுதியில் வடகடலில் தொடங்கிய கட்டுப்பாடுகள் 2009இன் பின்னர் படிப்படியாகத் தளர்ந்தன.

மயிலிட்டியை எடுத்துக்கொள்வோம். யுத்தத்துக்கு முன் நாட்டின் பெரிய மீன்பிடித் துறைகளில் அதுவும் ஒன்று. 1990 ஜூனில் மக்கள் இடம்பெயர்ந்தனர். துறைமுகமும் அதையொட்டிய 54 ஏக்கர் காணியும் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டன. கைக்குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்டவள் தன் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிய காலம் அது. புனரமைத்த துறைமுகம் 2019 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

துறைமுகம் வந்தது. ஆழ்கடல் போகும் கலங்கள்? எமது பலரிடம் இருப்பவை வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு பைபர் படகுகளே. பெரிய சூரையோ பாக்கு நீரிணையின் ஆழம் குறைந்த நீரில் தங்கும் மீன் அல்ல. அதைத் தேடிப் போக ஐஸ் அறையும் படுக்க இடமும் உள்ள பலநாள் கலம் வேண்டும். நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கோத்து இரவில் இறக்கி, விடியலில் இழுப்பார்கள். சந்தையில் கெலவல்லா என்று சிங்களப் பெயராலும் அழைக்கப்படும் மஞ்சள் செட்டைச் சூரையே இதில் பெறுமதியானது.

இதன் உறவுக்கார மீனான நீலச் செட்டைச் சூரை வடகடல் மீன் அல்ல. 2019 ஜனவரியில் ரோக்கியோ சந்தையில் 278 கிலோ எடையுள்ள ஒரு மீன் 33 கோடி யென்னுக்கு மேல் விலைபோனது. அமெரிக்காவில் அதைத் தூண்டிலில் பிடித்துப் பார்ப்பதற்காகப் பணம் கட்டிப் படகேறி, இரவைக் கடலிலேயே கழிப்பவர்கள் இருக்கிறார்கள். எமக்கு வயிற்றுப்பாடு, அவர்களுக்குப் பொழுதுபோக்கு!

சூரையின் விலையைத் தீர்மானிப்பது ஐஸ்தான். பிடித்தவுடன் இரத்தம் வடித்து, குடல் நீக்கி, ஐஸில் புதைக்க வேண்டும். சூட்டில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. சமைத்தாலும் அது அழியாது. தின்றவருக்கு முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலையிடிக்கும். "சூரை கிரந்தி" என்று எங்கள் ஆச்சிமார் ஒதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கருவாடு போடும் சகோதரிகள் நாட்பட்ட சூரையை மலிவென்று வாங்க வேண்டாம். உப்பும் அந்த நஞ்சை நீக்காது.

இனிக் கணக்கு. பலநாள் கலத்தில் மாதச் சம்பளம் இல்லை, பங்குதான். டீசல், ஐஸ், இரை, சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தில் பாதி சம்மாட்டியாருக்கும் பாதி தொழிலாளருக்கும் என்பது பொதுவான வழக்கம். உதாரணமாக, மீன் பத்து இலட்சம் ரூபாவுக்கு விற்று, செலவு ஆறு இலட்சம் என்றால், மிச்சம் நான்கு. அதில் இரண்டு இலட்சம் ஐந்து பேருக்குப் பிரியும், ஆளுக்கு நாற்பதாயிரம். மீன் படாவிட்டால் வெறுங்கை. முற்பணம் வாங்கியிருந்தால் கடன் அடுத்த பயணத்துக்கு ஏறும். இந்தக் கணக்கை ஆண்கள் வீட்டில் சொல்வது குறைவு. கேட்டால் கோபிப்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

சட்டவிரோத மீன்பிடியைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது, 2016இல் நீக்கியது. அதையொட்டி, சர்வதேசக் கடலுக்குப் போகும் கலங்களில் இருப்பிடம் காட்டும் செய்மதிக் கருவி பூட்டப்பட்டது. ஏற்றுமதிக்காக வந்த கருவி, கரையில் நிற்பவளுக்கும் உதவும். கலம் திரும்பப் பிந்தினால் கடற்றொழில் திணைக்களத்தில் கேட்கலாம். கேட்கும்போது கலத்தின் பெயர் மட்டும் போதாது, பதிவிலக்கம் வேண்டும். கணவரோ மகனோ ஏறும் கலத்தின் பதிவிலக்கம், புறப்பட்ட துறைமுகம், திகதி, சம்மாட்டியாரின் தொலைபேசி இலக்கம், காப்புறுதி உண்டா என்ற விபரம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, அடையாள அட்டைப் பிரதியோடு வீட்டில் வையுங்கள்.