அடுப்புக்கு ஒரு நாள் ஓய்வு

பெரியம்மை ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அந்த நோய்க்கு அஞ்சி வட இந்தியப் பெண்கள் சமைத்த பழையது மட்டும் ஒழியவில்லை.

ஹோலி முடிந்த எட்டாம் நாள் காலையில் ராஜஸ்தானின் ஏராளமான வீடுகளில் சூடான டீ கூடக் கிடைக்காது. அன்று சீதளா அஷ்டமி. பொழுது விடிந்ததிலிருந்து வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. பேச்சு வழக்கில் இந்த நாளுக்கு 'பாஸோடா' என்று பெயர். முந்தின நாள் சமைத்ததை அம்மனுக்குப் படைத்துவிட்டு, அதையே ஆறிய நிலையில் குடும்பம் முழுவதும் சாப்பிடும்.

சீதளா என்றால் குளிர்ந்தவள். கழுதை மேல் அமர்ந்து, கையில் துடைப்பமும் நீர்க்குடமும், தலையில் முறமுமாகக் காட்சி தரும் இவள் அம்மை நோய்க்கு அதிபதி. ஜெய்ப்பூர் மாவட்டத்தில் சாக்சு அருகே குன்றின் மேல் இருக்கும் இவளது கோயிலில் அன்று பெரிய திருவிழா. அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்று வளர்ந்த தமிழர்களுக்கு இந்த நம்பிக்கை அன்னியமாக இருக்காது. உடம்பில் சூடு ஏறியிருக்கும்போது அடுப்பிலும் சூடு ஆகாது என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

குஜராத்தில் இதே விரதம் ஆவணி வாக்கில், கிருஷ்ண ஜயந்திக்கு முந்தின நாள் வருகிறது. அதற்கும் முந்தின நாள் 'ராந்தன் சட்', அதாவது சமையல் சஷ்டி. அன்று இரவு சமையல் முடிந்ததும் அடுப்பைத் தணித்து, மெழுகி, பூஜை செய்வார்கள். ஏன் என்பதற்கு ஒரு கதை உண்டு. நள்ளிரவில் சீதளா வீடு வீடாக வந்து, குளிர்ந்த அடுப்புகளில் புரண்டு தன் உடல் எரிச்சலைத் தணித்துக்கொள்வாளாம். தொட்டிலை ஆட்டியபடியே தூங்கிவிட்ட ஒரு மருமகள் தணலை அணைக்க மறந்தாள். அம்மனுக்கு உடல் வெந்தது. விடிந்து பார்த்தால் தொட்டிலில் குழந்தை கருகிக் கிடந்தது. குழந்தையைக் கூடையில் சுமந்துகொண்டு அம்மனைத் தேடிப் போனாள் அந்தத் தாய். வழியில் மரத்தடியில் தலையைச் சொறிந்துகொண்டிருந்த கிழவிக்குப் பேன் பார்த்துவிட்டாள். கிழவியின் தலை குளிர்ந்தது. குழந்தை கண் விழித்தது.

கதை பயமுறுத்துகிறது. ஆனால் சமையல் பட்டியலைப் பார்த்தால் அதற்குப் பின்னால் நல்ல கணக்கு இருக்கிறது. குஜராத்தில் விரத நாள் வருவது மழைக்காலத்தில். உணவு சீக்கிரம் கெட்டுவிடும். எனவே தயிரும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த மாவில் வெந்தயக் கீரை சேர்த்துச் சுட்ட தேப்லா, பூரி, வடை, கோதுமை மாவும் நெய்யும் வெல்லமும் சேர்ந்த சுக்டி என்று ஈரப்பசை குறைந்த பண்டங்களே அதிகம். ராஜஸ்தானில் கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சிய 'ராப்', சோற்றைத் தயிரும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்த 'ஓலியா', நம் ஊர் அப்பத்தைப் போன்ற 'புவா'. புளிப்பு, கொழுப்பு, இனிப்பு, வறட்சி: உணவைக் காக்கும் நான்கு வழிகளும் இங்கே இருக்கின்றன.

வங்காளத்தில் சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் 'கோட்டா சேத்தோ'. 'கோட்டா' என்றால் முழுசு. பாசிப் பயறு, குட்டிக் கத்தரி, சிறு உருளைக்கிழங்கு, அவரை எதையும் நறுக்காமல் வகைக்கு ஆறாக முதல் நாளே வேகவைத்துவிடுவார்கள். மறுநாள் அடுப்போடு அம்மிக்கும் குழவிக்கும் ஓய்வு. அவற்றுக்கு மஞ்சள் துணி போர்த்திப் பூஜையும் நடக்கும்.

குளிர்ந்த உணவுக்கும் அம்மைக்கும் உள்ள உறவு வெறும் கதையில் முளைத்ததல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய ஹால்வெல், வங்காளத்தில் நாட்டு வைத்தியர்கள் அம்மைப் பால் குத்தும் முறையை 1767-ல் லண்டனில் விவரித்து எழுதினார். குத்திக்கொண்டவர்கள் மீன், பால், நெய்யைத் தவிர்க்க வேண்டும். வாழைப்பழம், கரும்பு, தர்ப்பூசணி, நீர்த்த அரிசிக் கஞ்சி என்று குளிர்ச்சியானவற்றையே உண்ண வேண்டும் என்பது அவர் கண்ட பத்தியம்.

இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975 மே மாதத்தில். உலகிலிருந்தே அது ஒழிந்ததாக 1980-ல் அறிவிக்கப்பட்டது. நோய் போன பிறகும் விரதம் நிற்கக் காரணம், அது சமையலறையோடு கலந்துவிட்டதுதான். குழந்தையின் நலம் தாயின் அடுப்பங்கரைக் கவனத்தில் இருக்கிறது என்று கதை சொல்கிறது. பெரியம்மை இல்லாவிட்டாலும் அந்தப் பயம் தாய்மார்களை விட்டுப் போவதில்லை.

ஆண்டு முழுவதும் அணையாத அடுப்புக்கு ஒரு நாள் விடுமுறை என்றும் இதைச் சொல்லலாம். ஆனால் அடுப்புக்குக் கிடைக்கும் ஓய்வு அதன் முன் நிற்பவளுக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. முதல் நாள் இரவு இரண்டு நாள் சமையலை முடித்துவிட்டுத்தான் அவள் படுக்கப் போகிறாள். கதையில் வரும் மருமகள் தூங்கிவிட்டது ஏன் என்று கேட்டால், பதில் இங்கே இருக்கிறது.

இன்று வேறொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பழையது சாப்பிட வேண்டும் என்ற விதி நினைவில் இருக்கிறது. எது பழையதாகத் தாங்கும் என்ற அறிவு மங்கி வருகிறது. சமைத்த சோற்றை வெளியில் இரவு முழுக்க வைத்தால் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி அதில் பெருகும். வாந்தி உண்டாக்கும் அதன் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழிவதில்லை. தயிரின் புளிப்பு இதைத் தாமதப்படுத்தும், முற்றிலும் தடுத்துவிடாது. எனவே சோற்றை ஆறியவுடன் ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது, முக்கியமாகக் குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீடுகளில். அடுப்பு எரியாத வரை விரதத்துக்கும் குறைவில்லை. குளிர்ச்சியை விரும்பும் தெய்வம் அதற்குக் கோபித்துக்கொள்ளப் போவதுமில்லை.