ஒரே சர்வரில் பல கடைகள்

1995 செப்டம்பர் வரை .காம் பெயரைப் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. அந்த மாதம்தான் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் வாங்கத் தொடங்கியது. ஆனால் பெயர் சும்மா கிடைத்த காலத்திலும் ஒரு சிறு கடைக்கு வெப்சைட் எட்டாத பொருளாகவே இருந்தது. காரணம், அதைக் குடிவைக்கும் இடம்.

அன்றைய பிரவுசர் சர்வரிடம் "முதல் பக்கத்தைக் கொடு" என்று மட்டும் கேட்கும். யாருடைய முதல் பக்கம் என்று சொல்லாது. ஒண்டுக்குடித்தன வீட்டுக்குக் கதவு எண்ணை மட்டும் எழுதி, பெயர் எழுதாமல் வந்த கடிதம் போலத்தான் அது. அதனால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐ.பி. முகவரி தேவைப்பட்டது. 1997 ஜனவரியில் வெளியான ஹெச்.டி.டி.பி. 1.1 விதிமுறை, ஒவ்வொரு கோரிக்கையிலும் தளத்தின் பெயரைச் சொல்லும் 'ஹோஸ்ட்' என்ற ஒரு வரியைக் கட்டாயமாக்கியது. அதன்பிறகு ஒரே முகவரியில், ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு இருக்க முடிந்தது. இன்றைய மலிவு ஹோஸ்டிங்கின் அஸ்திவாரம் இந்த ஒரு வரிதான். இணைய வரலாற்றில் இதற்கு உரிய புகழ் கிடைக்கவே இல்லை என்பது என் எண்ணம்.

அடுத்த செலவும் குறைந்துவிட்டது. முகவரிக்கு முன்னால் 'ஹெச்.டி.டி.பி.எஸ்.' வருவதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற சேவை 2015 டிசம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. இது இல்லாத தளத்தை 2018 ஜூலை முதல் குரோம் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. இதற்கென்று யாராவது ஆண்டுதோறும் தனித் தொகை கேட்டால், எதற்கு என்று கட்டாயம் கேளுங்கள்.

புதிதாக மரச்செக்கு எண்ணெய்க் கடை தொடங்குகிறவருக்கு என்ன தேவை? என்னென்ன எண்ணெய், என்ன விலை, கடை எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும், வாட்ஸ்அப் எண் என்ன. இவ்வளவுக்கும் முன்கூட்டியே செய்து கோப்பாக வைத்த நிலையான பக்கங்கள் போதும். சர்வர் அந்தக் கோப்பை எடுத்து அப்படியே அனுப்பிவிடும். வேர்ட்பிரஸ் போன்றவை டேட்டாபேஸில் தேடிப் பக்கத்தைக் கட்டித் தருபவை. அடிக்கடி மாறும் சரக்குப் பட்டியல் இருந்தால் அவை உதவும். ஆனால் அவற்றைத் தொடர்ந்து அப்டேட் செய்ய ஓர் ஆள் வேண்டும். செய்யாமல் விட்டால் ஹேக்கர்களுக்குத் திறந்த வாசல். செல்போனில் எடுத்த படங்களையும் அப்படியே ஏற்றக்கூடாது. மூன்று, நான்கு எம்.பி. வரும் படத்தின் அளவைக் குறைத்து, இருநூறு கே.பி.க்குள் கொண்டுவந்தால் சுமாரான சிக்னலிலும் பக்கம் சட்டென்று திறக்கும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. விசிட்டிங் கார்டு அச்சடித்தவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பார். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. அதை நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் வாடிக்கையாளருக்குப் புரியாத குறிகள்தான் தெரியும். 'நல்லெண்ணெய்' என்று தேடுகிறவருக்கு உங்கள் கடை அகப்படவே அகப்படாது. யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

இத்தனையிலும் கஞ்சத்தனம் கூடாத இடம் ஒன்று உண்டு: பெயர். .இன் அல்லது .காம் டொமைன் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்க்காதீர்கள். புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். தளம் செய்து தருகிறவர் தன் கணக்கிலேயே டொமைனை வாங்கிவிடுவது சர்வசாதாரணம். அவர் தொழிலை விட்டாலோ, பேச்சுவார்த்தை முறிந்தாலோ, பெயர்ப்பலகை அவர் கையில் மாட்டிக்கொள்ளும். உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில், உங்கள் பாஸ்வேர்டில் பதிவு செய்யுங்கள். காலாவதியான .காம் பெயருக்குப் பொதுவாகச் சில வாரச் சலுகைக்காலம் தருவார்கள். அது முடிந்து பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் வரை, கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதற்குப் பின் ஐந்து நாளில் அது பொதுச் சந்தைக்கு வந்துவிடும்; யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.